கடலுக்கு வழி கேட்ட டிக்கெட்

1. புது நிலம் திறந்த காலை

தருமபுரியில் கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. ஓர் ஆன்லைன் விளையாட்டுக்கு நாங்கள் வாடிக்கையாளர் சேவை பார்த்தோம். விளையாடுகிறவர்கள் தங்கள் பிரச்சினையை எழுதி அனுப்புவார்கள். அதற்கு டிக்கெட் என்று பெயர். படித்து, பதில் எழுதி, மூட வேண்டும். ஒன்பது வருடம் அந்த வேலை செய்தேன். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதல் நாளே எல்லோரும் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை டிக்கெட் மூடணும் மேடம்?" என்பதுதான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. ஆபீசில் நாங்கள் அதை 'ஆறு' என்போம். முழு ஆட்டமும் ஒரே ஆற்றின் இரு கரையிலும் நடக்கும். பதின்மூன்று வருடப் பழைய ஆட்டம். படங்கள் மங்கல், மரங்கள் அட்டையில் வெட்டி நட்டது மாதிரி இருக்கும். ஆனாலும் விட்டுப் போகாத கூட்டம் ஒன்று இருந்தது. அந்த வருடம் கம்பெனி ஒரு எக்ஸ்பான்ஷன் அறிவித்தது. பழைய ஆட்டத்தோடு புது நிலம், புது ஆயுதம், புதுக் கதை எல்லாம் சேர்த்துப் பெரிதாக்குவதுதான் எக்ஸ்பான்ஷன். பதின்மூன்று வருடமாக எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த ஆறு கடைசியில் கடலில் போய்ச் சேரப் போகிறது என்றார்கள். பழைய ஊர்களையும் புதுசாக வரைந்து, முழுக்கப் பின்னணி இசை சேர்த்திருந்தார்கள்.

காலை பத்தரைக்கு சர்வர் திறந்தது. பதினொன்றுக்குள் எங்கள் திரை நிரம்பி வழிந்தது.

"ஏழு வருசம் மாடா ஒழச்சு ஒரு வேல் வாங்கினனுங்க. கடக்கரையில மொதல் கடையிலயே அதவிட நல்ல வேல் சும்மா குடுக்கறான். நான் என்னத்துக்கு இத்தன நாள் விளையாடினேன்?" என்று ஒருவர்.

"செம. இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தோம். பழசு எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க" என்று இன்னொருவர்.

காரிமங்கலத்துக்காரர் ஒருவர் பதினொன்றே காலுக்கு எழுதினார்: "கடலைப் பாத்ததும் அழுதுட்டேன். ரொம்ப நன்றிங்க." அவரே பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் எழுதினார்: "பழைய சந்தைப்பக்கம் போனேன். ஒரு ஆளு இல்ல. அதப் பாத்தும் அழுதுட்டேன். இது கம்ப்ளைன்ட் இல்லீங்க. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல."

எங்கள் மேனேஜர் சண்முகம் சார் வரிசைக்கு நடுவில் நடந்துகொண்டே இருந்தார். "படிச்சுக்கிட்டு ஒக்காராதீங்கம்மா. மேக்ரோ போடுங்க, மூடுங்க." மேக்ரோ என்றால் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பதில். ஒரு பட்டனைத் தட்டினால் போய்விடும்.

அந்த வேகத்தில்தான் அந்த டிக்கெட் வந்தது. விளையாட்டில் அவர் வைத்திருந்த பெயர் வௌவால். ஒரே வரி: "படகுத்துறைக்குப் போக முடியல. வழி கேக்கல."

'வழி தெரியல' என்பதைத்தான் தப்பாகத் தட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மேக்ரோ போட்டேன்: 'உங்கள் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நீல நிறப் புள்ளியைப் பின்தொடருங்கள்.' மூடினேன்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "நீலம்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. மூடிட்டீங்க, பரவால்ல."

 பக்கத்து சீட்டில் தேவி. அவளும் லீவு நாளில் ஆறு விளையாடுகிறவள். என் திரையை எட்டிப் பார்த்தவள் நாற்காலியை இழுத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"வௌவாலாக்கா? நம்ம வௌவாலா?"

"யாருடி?"

அவள் சொன்னாள். ஆட்டத்தின் நடுவில் ஒரு குகை உண்டு. உள்ளே போனால் திரை முழுக்கக் கறுப்பு. பந்தம் ஏற்றினால் பூதங்கள் வந்துவிடும். புதிதாக வந்தவர்கள் அதைத் தாண்ட முடியாமல் ஆட்டத்தையே விட்டுவிடுவார்கள். வௌவால் என்று ஒரு ஆள் குகை வாசலிலேயே இருப்பாராம். 'பந்தத்த அணச்சிட்டு என் பின்னாடி வாங்க' என்பாராம். ஓர் இடத்தில்கூட முட்டாமல், விழாமல், மறுபக்கம் கொண்டுபோய் விடுவாராம். பதினோரு வருடமாக.

"எனக்கும் அவங்கதாங்க்கா வழி காட்டினாங்க. எப்படித்தான் தெரியுதோன்னு நாங்க பேசிக்குவோம்" என்றாள் தேவி. பிறகு என் திரையில் இருந்த பதிலைப் படித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

2. கேழ்வரகு அரைத்து முடியட்டும்

மூடிய டிக்கெட்டைத் திரும்பத் திறந்தால் எங்கள் டீமின் ரேட்டிங் குறையும். மேனேஜர் அனுமதி வேண்டும். போய் நின்றேன்.

"இன்னிக்கேவா?" என்றார் சண்முகம் சார்.

"நான் தப்பா பதில் சொல்லிட்டேன் சார்."

தன் திரையில் அந்த டிக்கெட்டைத் திறந்து படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். "போன் போட்டுப் பேசுங்க. டைப் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க" என்றார்.

போனை எடுத்தது ஒரு பெண். பின்னால் பெரிய இரைச்சல். "ஒரு நிமிசம் இருங்க. கேழ்வரகு முடியப்போவுது" என்றார். இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து நின்றது.

அவர் பெயர் அமுதா. கம்பைநல்லூரில் தம்பியோடு சேர்ந்து மாவு மில் நடத்துகிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. "தானியம் தீரப்போறது சத்தத்துலயே தெரிஞ்சிரும்ங்க. தம்பி வந்து பாக்கறதுக்குள்ள நான் நிறுத்திருவேன்" என்றார். கம்ப்யூட்டரில் வருகிற எழுத்தை வாசித்துச் சொல்ல ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. மற்றதெல்லாம் காது.

"எப்படிங்க விளையாடுவீங்க?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டது சரியா தப்பா என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"பழைய ஆட்டம் உங்ககிட்ட இருக்குங்களா?"

சோதனைக்காக வைத்திருந்த பழைய பதிப்பு ஒரு மெஷினில் இருந்தது. ஹெட்போனைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். இரண்டு காதிலும் ஆட்டம், அதற்கு மேல் போன் ஸ்பீக்கரில் அவர் குரல்.

"ஆத்துச் சத்தம் ஒரு பக்கமா கேக்குதுங்களா? அது கொறையாம, ஏறாம நடங்க. இப்ப மணல்ல மிதிக்கிறீங்க. சரக் சரக்னு வருதில்ல? கொஞ்சம் பொறுங்க… இப்பப் பலகை. டொக்குனு ஒண்ணு கேட்டிச்சா? நில்லுங்க. மணி அடிக்கும்."

மணி அடித்தது. கண்ணைத் திறந்தேன். படகுத்துறையின் கடைசிப் பலகையில் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் ஒரு தட்டு தட்டியிருந்தால் தண்ணீரில் விழுந்திருப்பேன். அதுவரை ஐந்து வருடம் அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் மூடியிருந்தேன். அங்கே ஒரு மணி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். 

பிறகு புதுப் பதிப்பில் அதையே செய்தோம். இசை எல்லாவற்றையும் மூடிவிட்டது. மணல், கல், பலகை எல்லாவற்றுக்கும் ஒரே காலடிச் சத்தம். மூன்றாவது அடியிலேயே சுவரில் முட்டினேன். குகையில் இப்போது வெளிச்சம் தரும் காளான்கள் முளைத்திருந்தன. பார்க்க அவ்வளவு அழகு. யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை.

"கோவமா இருக்குங்களா?" என்றேன்.

"இருக்காதுங்களா? பதினோரு வருசம்ங்க. எல்லாத்தையும் அழிச்சிப்போட்டாங்க."  பிறகு குரல் மாறிவிட்டது. "ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா? ஊர்க்கோடியில நின்னா, ரொம்பத் தூரத்துல, அந்த இசைக்கும் பின்னால, கடல் கேக்குது. நான் நெசக் கடல் கேட்டதில்லீங்க. ஒகேனக்கல் அருவி கேட்டிருக்கேன். அது விழுந்துக்கிட்டே இருக்கும். இது மூச்சு உட்ற மாதிரி கேக்குது. அங்க போவணும்ங்க எனக்கு. போறதுக்குத்தான் வழி இல்ல."

3. வௌவால் எங்கே?

விவரம் எல்லாம் எழுதி, ஆட்டத்தை உருவாக்குகிறவர்களுக்கு எஸ்கலேஷன், அதாவது மேல்மட்டக் கோரிக்கை, அனுப்பினேன். பணிவாகப் பதில் எழுதினார்கள். சரி செய்கிறோம், இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

இதற்குள் ஃபோரத்தில் சண்டை. ஃபோரம் என்பது விளையாடுகிறவர்கள் கூடிப் பேசுகிற பக்கம். வௌவால் காணோம் என்பதைப் பழையவர்கள் கவனித்துவிட்டார்கள். "கம்பெனி தொரத்திடுச்சு. காளான் வெச்சவன் வந்து பதில் சொல்லட்டும்" என்று எழுதினார்கள். "போறவங்க போவட்டும், இருட்டுல முட்டிக்கிட்டு இருக்கறதா வெளாட்டு?" என்று புதியவர்கள் எழுதினார்கள். எனக்கு உண்மை தெரியும். ஆனால் வாடிக்கையாளர் பற்றி வெளியே ஒரு சொல் சொல்லக் கூடாது.

அமுதாவையே கேட்டேன். "நீங்க சொன்னா உதவுவாங்கன்னு தோணுதுங்க."

"வேண்டாம்ங்க" என்றார் உடனே. "மில்லுக்கு வர்றவங்க எல்லாரும் பாவம்பாங்க. மாவு நல்லா அரச்சிருக்குன்னு சொல்லிட்டு, அதுக்கப்புறம் பாவம்பாங்க. அங்க ஒருத்தரு சொன்னதில்ல. அங்க நான் வௌவாலு. அத உட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் தேவி கத்தினாள். ஃபோரத்தில் வௌவால் எழுதியிருந்தார்.

"நான் எங்கயும் போவல. எனக்குக் கண்ணு தெரியாது. சத்தத்த மாத்திட்டதால ஊருக்குள்ளயே நிக்கறேன். என்னால யாரும் சண்ட போடாதீங்க. கடல் எப்படி இருக்குன்னு யாராச்சும் எழுதுங்க."

 அப்புறம் ஒருவர், காளானை ரொம்பப் புகழ்ந்து சண்டை போட்டவர், எழுதினார்: "போன வருசம் குகையில உங்களத் திட்டினேன். கண்ணு தெரியுதா இல்லியான்னு கேட்டேன். மன்னிச்சிருங்க."

வௌவால் பதில் போட்டார்: "ஞாபகம் இருக்குங்க. அன்னிக்கு ஓடையில விழுந்தது நீங்க. நான் விழல."

அதற்கு வந்த சிரிப்பு பக்கம் பக்கமாகப் போனது. பாவம் என்று ஒருவர்கூட எழுதவில்லை. கடல் எப்படி இருக்கிறது என்றும் யாரும் எழுதவில்லை. "எழுத மாட்டோம். நேர்ல வந்து கேட்டுக்குங்க" என்றார் வேலுக்காகப் புலம்பிய பழைய ஆள்.

4. கொம்பு

ஆட்டத்தில் கொம்பு என்று ஒரு பொருள் உண்டு. ஊதினால் சத்தம் வரும், வேறு உபயோகம் கிடையாது. யாரும் சீந்த மாட்டார்கள். அந்த வாரம் எல்லோரும் அதைத் தேடி வாங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. கூட்டம் சேரும் என்பதால் சர்வரைக் கவனிக்க எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். ஆட்டத்தைக் கண்காணிப்பவர்களுக்கென்று உள்ள கேம் மாஸ்டர் கணக்கில் நாங்கள் உள்ளே போனால் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டோம். மேலே ஏறிப் பார்த்தேன். பழைய ஊரின் கோடியிலிருந்து கடற்கரை வரை, மலைப்பாதை நெடுக, வளைவுக்கு வளைவு ஆட்கள் நின்றிருந்தார்கள். பழையவர்கள், புதியவர்கள், நேற்று கணக்குத் தொடங்கியவர்கள். ஒருவரும் அசையவில்லை. அத்தனை பேரும் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். வரிசையாக நின்று பார்த்தது அன்றுதான்.

வௌவால் நடக்கத் தொடங்கினார். முதல் கொம்பு ஊதியது. அதன் அருகே அவர் வந்ததும் அது நின்றது, அடுத்தது ஊதியது. ஒரு நேரத்தில் ஒன்றுதான். இசையை மீறி அது கேட்டது. எங்கள் ஆபீசில் ஸ்பீக்கரைப் போட்டிருந்தோம்.  சண்முகம் சார் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாதி வழியில், பள்ளத்துக்கு மேலே ஒரு வளைவில், கொம்பு வரவில்லை. அங்கே நின்றவருக்கு கரண்ட் போய்விட்டதாம், பிறகு சொன்னார்கள். வௌவால் விளிம்பில் நின்றுவிட்டார். கீழே இருந்து ஒரு புது ஆள் ஓடி வந்தார். அந்த இடத்துக்கு வரவே கூடாத அளவுக்குச் சின்ன லெவல். ஓர் ஓநாய் அவரைக் கடித்துக்கொண்டிருக்கவே கொம்பை ஊதினார். செத்து விழுந்தார். அடுத்தவர் ஓடி வந்து ஊதினார். அவரும் விழுந்தார். ஏழாவது ஆள் ஊதும்போது வௌவால் அந்த வளைவைத் தாண்டிவிட்டார். தேவி அழுதுகொண்டே சிரித்தாள்.

கடற்கரைக்கு வந்ததும் கொம்புகள் நின்றன. வௌவால் தண்ணீர் ஓரத்தில் நின்றார். எத்தனை நிமிடம் என்று நான் பார்க்கவில்லை. பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள், ஒரு எழுத்துகூடத் தட்டாமல்.

பிறகு வௌவால் எழுதினார்: "வலப்பக்கம் பாறையில ஒரு அலை மட்டும் திரும்பி வரல. தண்ணி உள்ள போவுது."

அங்கே எல்லோருக்கும் தெரிந்தது வெறும் பாறை. சர்வர் திறந்த நாளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தாண்டிப் போன பாறை. நாலு பேர் நீந்திப் போனார்கள். பாறை மடிப்புக்குப் பின்னால் ஓர் ஆள் நுழைகிற இடுக்கு. உள்ளே போனால், மலைகள் சூழ்ந்த ஒரு குடா. யாரும் மிதிக்காத வெள்ளை மணல்.

"எப்பா!" என்றார் சண்முகம் சார். 

மறுநாள் ஆட்டத்தின் சத்தங்களை அமைத்தவரிடமிருந்து எனக்கு மெயில் வந்தது. அந்தக் குடாவை யாராவது கண்டுபிடிக்க ஆறு மாதமாவது ஆகும் என்று நினைத்திருந்தாராம். அந்த ஓர் அலையின் சத்தத்தை மட்டும் தனியாக மாற்றி அமைக்க ஒரு வாரம் உழைத்தாராம். யார் காதிலும் விழாது, எதற்கு இந்த வேலை என்று கூட இருந்தவர்கள் கேட்டார்களாம். அமுதாவோடு பேச முடியுமா என்று கேட்டிருந்தார். அமுதாவிடம் சொன்னேன். "பேசட்டும். காலடிச் சத்தத்தப் பத்தி அவருகிட்ட நெறையச் சொல்லவேண்டியிருக்கு" என்றார். மூன்று மாதம் என்றவர்கள் ஐந்தாம் வாரமே பேட்ச், அதாவது திருத்தம், விட்டார்கள். மணல் மணலாகவும் பலகை பலகையாகவும் கேட்டது. இசையைத் தனியாக அணைக்க ஒரு பட்டனும் வந்தது. காளான்களை எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்தபின் தலைமை ஆபீசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மூத்த வாடிக்கையாளர்களை அழைத்து, எக்ஸ்பான்ஷன் பற்றிக் கருத்துக் கேட்டு, படிவத்தில் குறிக்க வேண்டும். அமுதாவைக் கேட்டேன்.

"கடல் ஒண்ணுக்காகவே அதச் செஞ்சவங்க காலுல விழலாம்ங்க" என்றார். "குகைய நெனச்சா இன்னும் கோவம் போவல. ரெண்டையும் எழுதிக்குங்க."

படிவத்தில் பிடித்தது, பிடிக்கவில்லை என்று இரண்டு கட்டங்கள்தான். இரண்டிலும் குறித்தேன். சிஸ்டம் ஏற்கவில்லை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சிவப்பில் காட்டியது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதிரில் இருப்பவர் எழுதிய வரியை முதலில் முழுசாகப் படியுங்கள். அது உங்கள் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்றால் தப்பு அவருடையது அல்ல.

சண்முகம் சாரிடம் போய் என்ன செய்வது என்று கேட்டேன். திரையைப் பார்த்தார்.

"ரெண்டு தடவ அனுப்புங்கம்மா" என்றார். "ஒண்ணு பிடிச்சதுன்னு. ஒண்ணு பிடிக்கலன்னு."

அப்படியே அனுப்பினேன்.