எட்டு பீடிக்கு ஒரு பக்கம்

கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கம்பெனியில் கணாரனுக்கு வாய்க்குத்தான் வேலை. காலையில் பேப்பர், மத்தியானம் நாவல் என்று கூடத்துக்கே கேட்கும்படி படிப்பான். அதனால் அவன் சுற்றாமல் விட்ட பீடிக்கு ஈடாகச் சாயங்காலம் ஆளுக்கொரு கைப்பிடி அவன் முறத்தில் போடுவார்கள். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. குரல் கெட்டுவிடும் என்று ஐஸ் சர்பத் பக்கமே திரும்பமாட்டான்.

அந்த மழைக்காலத்தில் கோழிக்கோட்டுப் பழைய பேப்பர் கடையிலிருந்து அட்டை கிழிந்த நாவல் ஒன்றை வாங்கி வந்தான். எங்கேயோ ஒரு கிரகம், அதில் ஒரு நகரம். கதவுக்குப் பூட்டில்லை, பசியில்லை, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் வேலை. ஓட்டின் மேல் மழை பெய்துகொண்டே இருக்கும். விரல்கள் தம்பாட்டுக்கு இலையைச் சுருட்டும். ஆட்களெல்லாம் அந்த நகரத்துக் கால்வாய் ஓரமாக நடந்துகொண்டிருப்பார்கள்.

"ரெண்டு மணி நேரமா? மிச்ச நேரம் பொண்டாட்டி மூஞ்சியவா பாத்துக்கிட்டு இருப்பான்?" என்று கூடத்திலேயே வயசில் சின்னவனான நாணு கேட்கவும் கூடமே சிரித்தது.

தூணோரத்துச் சாத்து மட்டும் சிரிக்கவில்லை. கணாரனோடு ஒன்றாம் கிளாசில் உட்கார்ந்தவன். புகையிலைத் தூள் நெஞ்சில் இறங்கி, இரண்டு வருஷமாக இருமல்.

"கணாரா, கண்ண மூடினா அந்த ஊர்லதான்டா முழிக்கிறேன். அங்க இருமல் உண்டா?"

"படிச்சுப் பாப்போம்டா."

அன்று ராத்திரியே கணாரன் வீட்டில் முன்கூட்டிப் படித்துப் பார்த்தான். இருமல் இருந்தது. இருமுகிறவர்களை விடியற்காலையில் ஒரு வெள்ளைப் படகில் ஏற்றிவிடுவார்கள். படகு வெறுமையாகத் திரும்பும். ஊர் சந்தோஷமாக இருக்கவேண்டும் என்பதற்காக அதற்குப் பிறகு யாரும் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை. படுபாவி, இதை எழுத எப்படித்தான் கை வந்ததோ! சாத்துவுக்கென்று இருந்ததே அந்த ஊர் ஒன்றுதான்; அதையுமா பிடுங்குவது?

மறுநாள் அந்த அத்தியாயம் வந்ததும், கண்ணைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னான். படகு ஒரு தீவுக்குப் போனது. தீவில் மருந்துக்காற்று வீசியது. போனவர்கள் பாடிக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

சாத்து முறத்தைக் கீழே வைத்தான். "நீ ஒரு பக்கம் படிக்கிறதுக்குள்ள நான் எட்டு பீடி சுத்துவேன். இப்ப நாப்பது ஆச்சு. நீ பக்கமே திருப்பல."

கணாரன் அவசரமாக ஒரு பக்கத்தைத் திருப்பினான்.

"உள்ளதப் படிடா. உன் வாயத்தான இத்தன வருஷமா நம்பறோம்."

படித்தான். படகு வெறுமையாகத் திரும்பும் வரை நிறுத்தவில்லை. இலை வெட்டும் கத்தரிக்கோல் சத்தம்கூட நின்றுபோயிற்று.

"தூ! இவனுங்க ஊர்லயா நான் இத்தன நாளா நடந்தேன்!" என்றான் நாணு.

"நல்ல ஊருதான்டா. எனக்குத்தான் எடமில்ல" என்றான் சாத்து. அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

சாயங்காலம் நாணு தன் கைப்பிடியில் பாதியைக் கணாரன் முறத்திலும், பாதியைச் சாத்துவின் முறத்திலும் போட்டான். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

"எனக்கெதுக்குடா? நான் என்ன படிச்சேன்?"

"படிக்கலதான். இருமுனீங்களே, அதக் கேட்டோமில்ல? ஆஸ்பத்திரிக்குப் போங்க சாத்துவேட்டா. அது ஒண்ணும் படகில்ல, திரும்பி வரணும்" என்றான் நாணு, சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல.

மறுநாள் சாத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான்; தூணோரத்தில் அவன் பாயும் முறமும்தான் கிடந்தன. கணாரன் பேப்பரைப் பிரித்தான். தலைப்புச் செய்தியைப் படிக்கும் முன், "சாத்து" என்று உரக்கச் சொன்னான். கூடம் முழுக்க அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது. தினமும் அப்படித்தான். அந்தப் பாயில் யாரும் உட்காரவில்லை. அதன் மேலிருந்த முறம் மட்டும் சாயங்காலமானால் நிறைந்துவிடும்.