அவரிட்டைச் சொல்லுங்கோ அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை இணுவிலில் ஒரு வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் மூன்று பேர். என் சித்தியின் மகள் சுகந்தி, அவளுடைய கணவன் ரமணன், இருவருக்கும் நடுவில் நான்.

"அக்கா, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமோ எண்டு கேளுங்கோ."

"போதும் எண்டு சொல்லுங்கோ அக்கா."

"கத்தரிக்காய்க் குழம்பு கிடக்கு எண்டு சொல்லுங்கோ."

"ஒரு கரண்டி விடச் சொல்லுங்கோ."

கை நீட்டினால் தொடக்கூடிய தூரம். அவள் சொல்வது அவனுக்குக் கேட்கிறது. அவன் சொல்வது அவளுக்குக் கேட்கிறது. இருந்தாலும் ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சொல்லாவிட்டால் குழம்புச் சட்டி அசையாது!

பெயர்களை மாற்றியிருக்கிறேன். இருவருமே இந்தப் பத்தியை வாசிப்பவர்கள் — தனித்தனியாக.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் 'கோவம்' என்பது ஒரு நிமிடம் வந்து போகிற சமாச்சாரம் இல்லை. "அவையள் எங்களோடை கோவம்" என்றால் பேச்சுவார்த்தையே கிடையாது என்று அர்த்தம். அண்ணனும் தம்பியும் கோவம், அயல் வீட்டோடு கோவம்... தேர்த் திருவிழாவில் வடத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று ஒரே சாமியை இழுப்பார்கள். முகம் பார்க்க மாட்டார்கள். கோவம் போட்டவர் மானஸ்தர். முதலில் வாய் திறந்தவர் தோற்றவர்.

கண்டறியாத மானம்! அதைக் கொண்டுபோய்ப் புருசன் பெண்சாதிக்கு நடுவிலும் வைத்திருக்கிறோம்.

ரமணனின் அப்பா மனைவியோடு கோவம் என்றால் மாட்டோடு கதைப்பாராம். "இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் தேத்தண்ணி கிடையாதுபோலை" என்று மாட்டைப் பார்த்துச் சொல்வாராம். குசினியில் இருந்து தேநீர் வருமாம். ரமணன் இதைப் பெருமையாகத்தான் என்னிடம் சொன்னான். இப்போது வீட்டில் மாடு இல்லை. நான் இருக்கிறேன்.

சரி, இந்தக் கோவம் எதனால் வந்தது? கேளுங்கள். கல்யாண நாளன்று சுகந்தி முகநூலில் இருவரும் நிற்கிற படம் ஒன்றைப் போட்டிருக்கிறாள். ரமணன் லைக் போடவில்லை. அதே நாள் தன் கூட்டாளியின் நாய்க்குட்டிப் படத்துக்கு ஹார்ட் போட்டிருக்கிறான். அவ்வளவுதான்! அவன் வேலைக்குப் போன நேரத்தில் இருந்து இவள் போன் மேல் போன். எடுக்கவில்லை. அழுதபடி வொய்ஸ் மெசேஜ். திறக்கவில்லை. கந்தோர் விட்டதும் ஐயா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளிக்க நேரே கீரிமலை. கேணிக்குள் இறங்கி நின்றால் போன் எடுக்கத் தேவையில்லை அல்லவா? வீட்டுக்கு வந்தவன் வாயைப் பூட்டிக்கொண்டான். அவளும் பூட்டிக்கொண்டாள். ஒரு மாதமாகிறது.

இவள் அழுது சித்திக்குச் சொல்ல, சித்தி வவுனியாவில் இருந்து என்னைப் பிடிக்க... "ஒருக்காப் போய் என்னெண்டு பார் பிள்ளை." போனேன்.

"ஏன் தம்பி இப்பிடி?" என்று கேட்டேன்.

அவன் தயாராக இருந்தான். "நான் அவாய்டன்ட் டைப் அக்கா. என்ரை அட்டாச்மென்ட் ஸ்டைல் அது. யூரியூப்பிலை ஒரு டொக்டர் வடிவா விளங்கப்படுத்துறார். என்னாலை ஒண்டும் செய்யேலாது."

"அப்ப நான் என்னவாம் எண்டு கேளுங்கோ அக்கா," என்றாள் சுகந்தி.

"அவ ஆங்ஷியஸ்," என்றான் ரமணன் என்னிடம்.

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். முந்தி செவ்வாய் தோஷம் கூடத்தைக் கோணலாக்கியது. இப்போது அவாய்டன்ட்!

அந்த டொக்டர் சொல்வதில் பிழை இல்லை. நானும் இருந்து பார்த்தேன். சின்ன வயதில் அழுதபோது தூக்க ஆள் வந்ததா, வரவில்லையா, வந்து இரண்டு அடி போட்டதா — இதைப் பொறுத்துத்தான் பிறகு நாங்கள் ஒருவரோடு ஒட்டுவதும் ஒதுங்குவதும். விடாமல் ஒட்டினால் ஆங்ஷியஸ், ஒதுங்கினால் அவாய்டன்ட். ஒட்டுகிறவளும் ஒதுங்குகிறவனும் சோடி சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அவள் தட்டத் தட்ட அவன் தாழ்ப்பாள் போடுவான். அவன் தாழ்ப்பாள் போடப் போட அவள் கதவை உடைப்பாள். எல்லாம் சரி. ஆனால் நோயின் பெயர் தெரிந்தவன் என்ன செய்ய வேண்டும்? மருந்து எடுக்க வேண்டும். இவர்கள் அந்தப் பெயருக்குச் சட்டம் போட்டு, சுவரில் மாட்டி, பூவும் வைத்திருக்கிறார்கள்.

இவர்களை மட்டும் சொல்லி என்ன? எங்கள் ஊர்க் கல்யாணத் தரகர்கள் ஒரு மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற உச்சச் சான்றிதழ் எது தெரியுமா? "பெடியன் நல்ல அமைதி. ஒரு சொல்லுக் கதைக்கமாட்டான்." பெண் வீட்டார் பூரித்துப் போவார்கள். ஒரு சொல்லும் கதைக்காதவனோடு அந்தப் பெண் நாற்பது வருசம் என்ன செய்வாள் என்று ஒருவராவது கேட்டதுண்டா?

கதைக்கு வருகிறேன். ரமணன் கடைசியாக மோர் விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சுகந்தி எழும்பிக் குசினிக்குப் போய், பைப்பைத் திறந்து கோப்பை கழுவத் தொடங்கினாள். அங்கே நின்றபடி, திரும்பாமல் சொன்னாள்.

"அக்கா, அவரிட்டைச் சொல்லுங்கோ. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். மார்பிலை ஒரு கட்டி. சின்னத் துண்டு வெட்டி எடுத்துப் பாக்கப்போயினமாம்."

ரமணனின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றுவிட்டது. முகம் வெளிறிப் போயிற்று. பிறகு என்னைப் பார்த்தான்.

"எப்ப கண்டது எண்டு கேளுங்கோ அக்கா."

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"கேக்கமாட்டன். நீ கேள்."

"எனக்கு இப்பிடி நேரங்களிலை கதை வராது அக்கா... நான் சொன்னனான்தானே, அந்த அவாய்டன்ட்..."

"விசர்க்கதை கதையாதை. சோறு உள்ளுக்குப் போற வாயாலை ஒரு சொல்லு வெளியிலை வராதோ?"

நான் குசினிக்குப் போனேன். அவளுக்கும் ஏச்சு இருந்தது.

"லைக் போடேல்லை எண்டு வவுனியா வரைக்கும் சொல்லி அழுதனீ. இதை ஏனடி மூடி வைச்சனீ?"

சுகந்தி பைப்பை நிறுத்தினாள். "சொன்னா வருவார் எண்டு தெரியும் அக்கா. சொல்லாமலே என்ரை முகத்தைப் பாத்துக் கேக்கிறாரோ எண்டு பாத்தனான்."

அடி பாவி! ஒரு மாதமாய் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, அந்த முகத்தைப் பார்த்து அவன் கண்டுபிடிக்க வேண்டுமாம். உயிர் போகிற விசயத்தில் புருசனுக்குப் பரீட்சை! கோபத்தில் கத்திவிட்டேன். கத்தி முடிய அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

பின்னால் ரமணன் வந்து நின்றான், கைகூடக் கழுவாமல்.

"எத்தினை மணிக்கு?"

அவளைப் பார்த்துத்தான் கேட்டான். சத்தியமாக அவளைத்தான். எனக்குக் கண் கலங்கிப் போயிற்று. சுகந்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏழரைக்கு அங்கை நிக்கவேணும் எண்டு சொல்லுங்கோ அக்கா."

நான் ஸ்கூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டேன். பாயாசம் இருந்ததாம். யாருக்கு வேண்டும்?

ஆனால் மனம் கேட்குமா? செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கிளினிக்கில் நிற்க இடமில்லை. வயதான மனிதர்கள் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். எங்கள் ஆட்கள் இருவரும் நீள வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஒருவருக்கு இடம் விட்டு. குழந்தையோடு நின்ற ஒரு பெண் கேட்கிறாள்.

"இதிலை ஆரும் இருக்கினமோ?"

"ஓம், அக்கா வருவா."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரு மாதத்தில் அவர்கள் ஒற்றுமையாகச் சொன்ன முதல் வசனம்!

"அரக்கி இரு," என்றேன் ரமணனிடம். முழித்தான். "அவளுக்குக் கிட்ட அரக்கி இரு. அந்தப் பிள்ளை குழந்தையோடை இருக்கட்டும்."

அரக்கினான். தோளோடு தோள் பட்டது. இருவரும் நேரே எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள்.

சுகந்தியை உள்ளே கூப்பிட்டார்கள். அவளுடைய கைப்பையை ரமணன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கழுத்தெல்லாம் வியர்வை. கதவு திறக்கிறபோதெல்லாம் எழும்பி எழும்பி இருந்தான். அன்பு இல்லாதவன் இப்படித் தவிக்க மாட்டான். பாவம்தான். அதைச் சொல்லாவிட்டால் நான் செய்வதும் நியாயம் இல்லை.

அவள் வெளியே வந்து வாங்கில் இருந்தாள். முகம் வாடிப் போயிருந்தது. ரமணன் தானாகவே ஓடிப்போய் நேர்சிடம் விசாரித்து வந்தான். வந்தவன் அவளுக்குப் பக்கத்தில் நின்றபடி, அவள் தலைக்கு மேலால் என்னிடம் சொன்னான்.

"ரிப்போர்ட் ரெண்டு கிழமையிலையாம் அக்கா. பயப்பிடத் தேவையில்லையாம், கனபேருக்குச் சும்மா கட்டியாத்தான் இருக்குமாம்."

"அதை அவளுக்குச் சொன்னியோ?"

"பக்கத்திலைதானே இருக்கிறா... கேட்டிருக்கும்."

கேட்டிருக்குமாம்!