இரண்டு பால்வாடிகளுக்கு நான் போட்ட மார்க்

போன வாரம் விழுப்புரத்தில் கூட வேலை செய்யும் தோழியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மாமியார் பின்கட்டில் சத்துமாவுப் பாக்கெட்டைப் பிரித்து மாட்டுத் தொட்டியில் கொட்டிக் கையால் கலக்கிக்கொண்டிருந்தார். பேரனுக்குப் பால்வாடியில் கொடுத்த மாவு, அவன் தொடுவதில்லையாம். வறுத்த கோதுமையும் வெல்லமும் சேர்ந்த அந்த வாசனை ஏறியதும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். என் முதல் வேலை முழுக்க அந்த வாசனைதான்.

மயிலத்தில் பட்டம் முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த காலம். தற்காலிகமாக ஒரு கணக்கெடுப்பு வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய்ப் பால்வாடிகளைப் பார்த்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு மார்க் போட வேண்டும். படிவத்தில் அங்கன்வாடி என்றுதான் அச்சடித்திருக்கும்; எங்கள் பக்கம் இன்றைக்கும் அது பால்வாடிதான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பரீட்சை அட்டை. டவுன் பஸ்ஸில் ஏறினால் அடையாள அட்டை புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வேன், நாலு பேர் படிக்கட்டும் என்று. கலெக்டர்கூட அவ்வளவு விறைப்பாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

மண்டகப்பட்டுக்குப் போகிற பாதையில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். அங்கே இரண்டு பால்வாடிகள். ஊருக்குள் ஒன்று, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் காலனியில் ஒன்று.

ஊருக்குள் இருந்தது புதுக் கட்டடம். தரையில் டைல்ஸ், சுவரில் யானையும் மயிலும். பிள்ளைகள் வாயில் விரல் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி அலமாரியில் பொம்மைகள், வந்த பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். எடுத்துக் கொடுத்தால் உடைத்துவிடுவார்கள் என்றார் அங்கிருந்த டீச்சர். படிவம் கேட்டது பொம்மை உண்டா இல்லையா என்று மட்டும்தான். உண்டு. முழு மார்க்.

காலனியில் எஸ்தர் டீச்சர். அதே காலனிக்காரர், ஐம்பதை நெருங்கியவர். ஒரே அறை, சிமெண்டு ஷீட்டுக் கூரை, பெயர்ந்துபோன தரை. அதை மறைக்கத் தன் வீட்டுப் பாய்களைக் கொண்டுவந்து விரித்திருந்தார். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவரே படம் வரைந்து சுவரெல்லாம் ஒட்டியிருந்தார். பிள்ளைகள் மல்லாட்டைத் தோலை, அதாவது வேர்க்கடலைத் தோலை, குவித்து வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கையில் சண்டை வேறு. ஒரு சின்னப் பெண் என் பரீட்சை அட்டையைப் பிடுங்கிக்கொண்டு என்னையே விசாரித்தாள். பேர் என்ன, அம்மா பேர் என்ன, சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய். சொன்னதையெல்லாம் கிறுக்கலாக எழுதியும் கொண்டாள். இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது.

கிளம்பும்போது எஸ்தர் டீச்சர் கேட்டார். "மழ பேஞ்சா புள்ளைங்கள ஒரு மூலையில ஒதுக்கி வச்சிக்கினு உக்காந்திருக்கேன். நீ எழுதிக்கினு போறதால கட்டடம் வருமாம்மா?"

எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கழுத்தில் அட்டை தொங்கும்போது அந்த வார்த்தை வருவதில்லை. எவ்வளவு மோசமாகத் தெரிகிறதோ அவ்வளவு சீக்கிரம் கட்டடம் வரும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். "பாயெல்லாம் சுருட்டி வச்சிடுங்க டீச்சர். செவுத்துல இருக்கறதையும் எடுத்துடுங்க. போட்டோ எடுத்துக்கறேன்" என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஒவ்வொரு தாளாக, ஓரம் கிழியாமல், நகத்தால் நெம்பி எடுத்தார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது, கைக்கு எட்டியதை அவர்களும் உரித்தார்கள். வெறும் தரையில் உட்காரவைத்தேன். சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்தேன். இருந்த மார்க்கிலும் இன்னும் நாலு குறைத்தேன். சர்க்காரையே ஏமாற்றி நல்லது செய்துவிட்டதாகப் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

சில மாதம் கழித்து ஆபீசில் மேலதிகாரி கூப்பிட்டுப் பாராட்டினார். வசதியில்லாத மையங்களை மூடி, வசதியுள்ளவற்றோடு சேர்க்கும் வேலை நடக்கிறதாம். "ஒன் போட்டோ ஒன்னே போதும்னுட்டாங்கம்மா. யாரும் மறுபேச்சு பேசல" என்றார். எந்தப் போட்டோ என்று எனக்குக் கேட்காமலே தெரிந்தது.

மறுநாளே போனேன். காலனி பால்வாடி பூட்டியிருந்தது. எஸ்தர் டீச்சரை விழுப்புரம் தாண்டிக் காணைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓர் ஊருக்கு மாற்றியிருந்தார்கள். பக்கத்துக் கொல்லையில் பெண்கள் மல்லாட்டைக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்போரத்து வேலமரத்தில் கைக்குழந்தைக்குச் சேலையில் கட்டிய ஏணை. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் அதைச் சுற்றி மண்ணில் கிடந்தார்கள். பிள்ளைகளை ஊர்ப் பால்வாடிக்கு அனுப்பவில்லையா என்று ஒரு தாயிடம் கேட்டேன்.

"ரெண்டு நாளு அனுப்புனேன். தட்ட தனியா வையின்னாங்களாம். புள்ள வந்து சொல்லுது. அப்பறம் இன்னாத்துக்கு அனுப்பறது?" களைக்கொத்தை நிறுத்தாமலே சொன்னார். "இங்கயே நல்லாதான் இருந்துச்சி. யாரோ ஒரு பொண்ணு வந்து போட்டோ புடிச்சிக்கினு போச்சாம். அதோட மூடிட்டாங்க."

எந்தப் பெண் என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். தெரியவில்லை என்றார் அவர்.

எஸ்தர் டீச்சரை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ சொன்ன. நானும்தான கழட்டுனேன்" என்றார். அழவில்லை, திட்டவில்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது காலனியில் அந்த அறை இல்லை, இடித்துவிட்டார்கள். ஊர்ப் பால்வாடியிலும் நாலைந்து பிள்ளைகள்தான். மற்றவர்களைக் காலையில் இங்கிலீஷ் நர்சரி வேன்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. எஸ்தர் டீச்சர் இறந்துவிட்டதாகக் கேள்வி. அன்றைக்கு அங்கே இருந்த பிள்ளைகளில் ஒருத்தி திண்டிவனத்தில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். பேச்சுவாக்கில் பால்வாடியைப் பற்றிக் கேட்டேன். எங்கள் தெருவில் அப்படி ஒன்று இருந்ததா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். மூன்று வயதில் நடந்தது யாருக்கு நினைவிருக்கும்? அந்த அறையில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், எந்தச் சுவரில் எந்தப் படம் இருந்தது என்று இன்றைக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள், அதை மூடவைத்த நான்தான்.