வேடியப்பனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை

விளக்கெண்ணெய் ஊறிய தம்பியின் சிக்கு முடியும், பைக்குள் நசுங்கிப்போன வாழைப்பழமும் சேர்ந்து வெயிலில் வீசிய வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. பூட்டியிருந்த அந்த இரும்புக் கேட்டின் முன்னால் நாங்கள் ஐந்து பேர் நின்றோம்: அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, மூன்று வயதாகியும் முதல் முடி இறக்காத என் தம்பி, ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான். எங்களோடு இல்லாதவர் வேடியப்பன் ஒருவர்தான். அவர் கேட்டுக்கு உள்ளே இருந்தார்.

நான் இப்போது பட்டணத்தில் வேலை பார்ப்பதால், ஊரிலிருந்து வருகிறவர்கள் அருங்காட்சியகத்தை எப்படிப் பார்ப்பது என்று என்னிடம் யோசனை கேட்கிறார்கள். சொல்கிறேன். முதலில், எந்தக் கிழமை விடுமுறை என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். நாங்கள் விசாரிக்கவில்லை, சாமியைப் பார்க்க வெள்ளிக்கிழமையை விட நல்ல நாள் உண்டா என்று பொம்மிடியில் ரயிலேறிவிட்டோம்.

"இன்னைக்கு லீவு. நாளைக்கு வா," என்றார் காவலாளி.

"சாமிக்கு ஏதுங்க லீவு?" என்றார் மாமா. "வெள்ளிக்கிழமைதானே சாமியே வூட்ல இருக்கும்!"

"சாமிக்கு இல்லைய்யா, எனக்கு லீவு."

வேடியப்பன் எங்கள் மானாவாரிக் கொல்லையில் நின்றிருந்த கல். கையில் வில்லும் இடுப்பில் கத்தியுமாக ஓர் ஆள், தலைக்கு மேல் நாலு வரி எழுத்து, முழங்கால் வரைக்கும் மண். மாடு திருட வந்தவர்களை மறித்துச் செத்தவர், எங்கள் வம்சத்துக்கு மூத்தவர் என்பார்கள். எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் முதல் முடி அவர் காலடியில்தான், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும். அதற்கு முன் கத்திரி பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பது அம்மாவின் பயம். எனக்கு முன்னால் பிறந்த ஒன்றை அப்படித்தான் பறிகொடுத்ததாக அவள் நம்பினாள்.

தம்பி பிறந்த வருஷம் ஜீப்பும் லாரியும் வந்தன. எழுத்தைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துப் பார்த்த அதிகாரி, இது நாட்டின் சொத்து, பட்டணத்தில் பத்திரமாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சொல்லி ஒரு காகிதம் கொடுத்தார். முழுக்க இங்கிலீஷ். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா அதை என்னிடம் நீட்டினார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "கவர்மெண்டு சீல் இருக்குதுப்பா, கேட்டா திருப்பிக் குடுத்துருவாங்க," என்றேன். "படிச்ச புள்ள சொல்றான், எடுத்துக்குங்க சாமி," என்றார் அப்பா. அந்த வாயை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மூன்று வருஷம் கேட்டும் ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதனால்தான் நாங்கள் போனோம்.

ஸ்டேஷனில் படுத்து எழுந்து, சனிக்கிழமை காலை பஸ்ஸில் இடத்தைச் சொல்லத் தெரியாமல் நாங்கள் திணற, "ஓ, செத்த காலேஜா?" என்றார் கண்டக்டர். பட்டணத்தில் அருங்காட்சியகத்துக்கு அதுதான் பெயர். அப்பாவின் முகம் சுருங்கியது. "எங்க சாமி சாவலைங்க," என்றார். பஸ்ஸே சிரித்தது.

பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் அங்கேயே போயின. அம்மா மடியில் முடிந்திருந்த மஞ்சளும், மாமாவின் சட்டைப்பையிலிருந்த பிளேடும் தப்பின.

வரிசையாக நின்ற கற்களில் எங்களுடையதைத் தம்பியைத் தூக்கியிருந்த அம்மாதான் முதலில் கண்டாள். சிமெண்டு மேடை மேல் நிறுத்தியிருந்தார்கள். நெஞ்சில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு நம்பர். அப்பா குனிந்தவர் நிமிரவில்லை. "காலு இருக்குதுடா," என்றார். மண்ணுக்குள் இருந்த பாதங்களை எங்கள் வம்சத்தில் யாரும் பார்த்ததில்லை. பாதத்துக்குப் பக்கத்தில், அதே கல்லில், ஒரு கன்றுக்குட்டி நின்றது.

"என்னா எழுதியிருக்குதுன்னு படிடா."

மேடையில் வைத்திருந்த அட்டையில் தமிழும் இருந்தது. வீரக்கல், தர்மபுரி மாவட்டம் என்று படித்தேன்.

"ஊரு?"

"போடலைப்பா."

"பேரு?"

"போடலை."

ஓசூரிலிருந்து அரூர் வரைக்கும் அன்று தர்மபுரி மாவட்டம். அதில் எந்த ஊர், யாருடைய கொல்லை, யாருடைய ஆள் என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே!

அம்மா மஞ்சளை நம்பர் மேல் அப்பினாள். மாமா தரையில் சம்மணமிட்டுத் தம்பியை மடியில் வைத்து ஒரு கொத்து முடியை அறுத்துப் பாதத்தில் போட்டார். அதற்குள் விசில் ஊதியது. காவலாளிகள் மாமாவின் கையை முறுக்கினார்கள், தம்பி வீறிட்டான். ஓர் அதிகாரி வந்தார்.

"ஆயிரம் வருஷத்துக் கல்லுய்யா இது! மதிப்பு தெரியுமா உங்களுக்கு? அறிவில்லாம மஞ்சளைப் பூசறீங்க?"

"ஆயிரம் வருசமா பூசினவங்க நாங்கதானுங்க," என்றார் அப்பா.

நான் காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "கல்லை வாங்கிக்கிட்டோம்னு போட்டிருக்கு, தம்பி. திருப்பித் தர்றோம்னு எங்கயும் இல்ல." அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வெளியே, நடைபாதையில் பெட்டி வைத்திருந்த நாவிதரிடம் மீதி முடியை இறக்கினோம். அம்மா சேலையைக் கடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்தே நின்றிருந்தாள். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவனுக்கு உடம்பு சுடும்போதெல்லாம் அவள் பார்வை என் மேல்தான் விழும்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். அந்த வரிசையில் எங்கள் கல் இல்லை. கேட்டதற்கு, இடம் போதவில்லை, பின்கட்டில் கிடக்கும், பார்க்க அனுமதி இல்லை என்றார்கள். மஞ்சளும் இல்லை, முடியும் இல்லை, அட்டை கூட இல்லை. ஊரில் கல் நின்ற பள்ளத்தில் இப்போது நிலக்கடலை போடுகிறோம். உங்களிடம் யாராவது காகிதம் நீட்டினால், படிக்கத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். என்னுடைய கடைசி யோசனை இது.

அன்று நாங்கள் ஐந்து பேரும் போய்வந்த செலவுக்குக் கையில் காசில்லாமல், முடி இறக்கும் அன்று வேடியப்பனுக்கு வெட்டவென்று மூன்று வருஷமாக வளர்த்த கிடாவைச் சந்தையில் விற்றிருந்தோம். கிடைத்தது ஐம்பத்தைந்து ரூபாய். அவரைப் பார்த்துவிட்டு வர அத்தனையும் ஆனது.