சட்டைப் பையில் ஒரு பீஸ் கட்டை

மர உருளை சுற்றும்போது செப்புத் தகட்டில் பித்தளை நாக்கு உரசுகிற "கிர்ர்" சத்தமும், கூடவே எழும் லேசான காந்தல் வாடையும்தான் எனக்கு டிசம்பர் மாதம். போடி கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருந்த அப்பா, வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி எரிவதற்காக, அந்த உருளையையும் சின்ன மோட்டார் ஒன்றையும் பலகைப் பெட்டிக்குள் பொருத்தித் தானே செய்திருந்தார். "ஓடுலைட்டுப் பெட்டி" என்போம்.

வீட்டுக் கரண்டு அப்படியே வெறும் செம்பில் ஓடுகிற பெட்டி அது. ஆகவே அதைத் திறக்குமுன் அப்பா மெயினை இறக்குவார், ஃபியூஸ் கம்பி கோத்த வெள்ளைப் பீங்கான் "பீஸ் கட்டை"யைப் பிடுங்கி, அது இல்லாமல் யார் மெயினைத் தூக்கினாலும் கரண்டு வராதென்று, சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், டெஸ்டர் வைத்துப் பார்ப்பார், பிறகு கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் கை வைப்பார். வீடு மொத்தமும் இருண்டு கிடக்கும். அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்:

"எங்கண்ணனுக்குக் கர்த்தர் மேல பாதி நம்பிக்கைதான். மிச்சம் பாதி பீஸ் கட்டை மேல."

எல்லாரையும் முந்திக்கொண்டு சிரிப்பது நான்தான். உள்ளுக்குள் வெட்கமாகவும் இருக்கும், அப்பாவுக்கு விசுவாசம் குறைவோ என்று.

ஒரு வருடம் பொழுது சாயும் நேரம். ஒரு வரிசை பல்பு ஓடவில்லையென்று அப்பா வாசலில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருக்கையில், சபையிலிருந்து பாட்டுக் குழு வந்துவிட்டது. தெரு முழுக்க வெளிச்சம், எங்கள் வீடு மட்டும் இருட்டு. காப்பித் தட்டோடு நின்ற அம்மா, "வந்தவுகள இருட்டுல நிக்க வச்சுட்டாகளே" என்று முணுமுணுத்தாள். போதகர் இருமினார். அவமானத்தில் நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சித்தப்பா விறுவிறுவென்று உள்ளே போனார். "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்தபோதும் அப்பாவின் விரல்கள் பித்தளை நாக்கை வளைத்துக்கொண்டுதான் இருந்தன.

"என்னண்ணே, மெயினைத் தூக்கி விட்டுட்டேன், கரண்டக் காணோமே."

தான் சொன்னது என்னவென்று சித்தப்பாவுக்கே சற்றுக் கழித்துத்தான் விளங்கியது. அப்பா மெதுவாகக் கையை எடுத்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கோபிக்கவில்லை. பெட்டியை மூடிவிட்டுப் பீஸ் கட்டையைத் தம்பியிடம் நீட்டினார்.

"மொதல்ல மெயினை எறக்கு. அப்புறம் நீயே மாட்டுப்பா."

சித்தப்பாவால் முடியவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் போய் மாட்டிவிட்டு வந்தாள். நட்சத்திரம் ஓடியது. பாட்டு மட்டும் சரியாக எழும்பவில்லை. அன்று கர்த்தர் அப்பாவை அந்தச் சட்டைப் பைக்குள் இருந்துதான் காத்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அந்தப் பையைப் பார்த்துத்தான் சிரித்திருந்தேன்.

இப்போது தேனியில் எனக்கென்று ஒரு வீடு. அப்பா இல்லை, பெட்டியை ஏதோ ஒரு மழையில் கரையான் தின்றது. நட்சத்திர விளக்குக்கு உள்ளங்கையளவு கண்ட்ரோலர் வாங்கியிருக்கிறேன், நிறத்தையெல்லாம் செல்போனிலேயே மாற்றலாம். ஆனால் அதற்கும் சுவரிலிருந்து வருவது அதே கரண்டுதான். போர்டில் ட்ரிப் சுவிட்ச், தள்ளினால் இறங்கும், யார் தள்ளினாலும் ஏறும். பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் மாட்ட அந்தச் சுவிட்சை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஏணியடியில் ஜெபிக்கக் கண்ணை மூடினேன். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டுத் திரும்பினால், பண்டிகைக்கு வந்திருந்த சித்தப்பா, யாரும் சொல்லாமலே, போர்டை முதுகால் மறைத்து உட்கார்ந்திருந்தார்.

"நீ எறங்கி வந்து சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்ப்பா" என்றார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏணியில் ஏறினேன்.