நீலாவதியின் வேண்டுதல்

தைப்பூசம் முடிந்த மறு திங்கட்கிழமை, நீலாவதியின் மகன் வசந்தன் ஜொகூருக்கு வேலைக்குக் கிளம்பினான். வீட்டிலிருந்த ஒரே மோட்டார் சைக்கிளும் அவனோடு போயிற்று.

"கடைக்கு எப்படிம்மா போவீங்க?"

"கால் இருக்குல்ல. நீ பார்த்து ஓட்டு."

மலேசியாவின் ரந்தாவ் ஊரை ஒட்டி அவர்கள் குடியிருந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், பக்கத்துக் கோயிலுக்குக்கூட மோட்டாரில்தான் போவார்கள். நீலாவதியும் அப்படித்தான் இருந்தாள். ஆனால் அதற்கு முந்தின வாரம் கிளினிக்கில் ரத்தம் பார்த்த தாதி, மிஸ்ஸி, சொல்லியிருந்தார்: "சீனி வியாதி இன்னும் வரல. வாசல்ல வந்து நிக்குது. தினம் அரை மணி நேரம் நடங்க, இனிப்பைக் குறைங்க. ஆறு மாசத்துல மறுபடி பார்ப்போம்."

அவள் அக்கா லோகேஸ்வரிக்கு அதே வியாதியில் இரண்டு கால்விரல்கள் போய்விட்டன. கட்டு மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் நின்றவள் நீலாவதி.

அன்று மாலை செம்பனைகளுக்கு நடுவே நடந்தாள். நூறு அடி தாண்டுவதற்குள் பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரன் மோட்டாரை நிறுத்தினான்.

"என்னக்கா நடந்து போறீங்க? ஏறுங்க, தும்பாங் தரேன், கொண்டு போய் விடுறேன்."

"சும்மாதான் தம்பி நடக்கிறேன்."

"சும்மா யாராச்சும் நடப்பாங்களா? வீட்டுல அண்ணன்கூட சண்டையா? ஏறுங்க லா!"

மனம் நோகுமே என்று ஏறிக்கொண்டாள். மறுநாள் வேறொருவர். ஒரு வாரத்தில் அவள் நடந்தது மொத்தம் அரை மைல் இருக்காது.

எட்டாம் நாள் புவனேஸ்வரன் நிறுத்தியபோது வாயில் தானாக வந்தது: "வேண்டுதல் தம்பி. ஆறு மாசம் நடந்தேதான் போகணும்."

அவன் சட்டென்று ஹெல்மெட்டைக் கழற்றினான். "மன்னிச்சுக்குங்கக்கா. தெரியாமக் கேட்டுட்டேன்."

அதன்பின் ஒருவரும் நிறுத்தவில்லை. பொய்தான் உறுத்தியது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் முன்னால் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு அதை மெய்யாக்கிவிட்டாள். வேண்டுதல் என்றான பிறகு விரதம் வேண்டாமா? தித்திக்கும் கட்டிப்பால் தேநீரை அன்றே விட்டாள். மழையில் சாலையே காலியாகக் கிடந்த நாட்களிலும் குடையோடு அவள் ஒருத்தி நடந்தாள். சாமிக்குப் பயந்தா, அக்காவின் காலை நினைத்தா, அவளுக்கே தெரியாது.

ஆறாம் மாதம், வெறும் வயிற்றில் 6.6 மில்லிமோல் இருந்த ரத்தச் சீனி 5.4க்கு இறங்கியிருந்தது.

"வாசல்ல நின்னது போயிருச்சு. ஆனா தெருவுலதான் சுத்திக்கிட்டிருக்கும்" என்றார் மிஸ்ஸி.

"வேண்டுதல்தான் முடிஞ்சுருச்சே, ஏறுங்கக்கா" என்றான் புவனேஸ்வரன்.

"புதுசா இன்னொண்ணு வச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறு வருடம் தீபாவளி கழிந்து வசந்தனிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

"அம்மா, ஃபேக்டரில ரத்தம் பார்த்தாங்க. எனக்கும் சீனி பார்டராம். மோட்டார ஹாஸ்டல்ல போட்டுட்டு நடக்கிறேன். கூட்டாளிங்க நிறுத்தி நிறுத்தி ஏறச் சொல்றானுங்க. நீங்க என்ன சொல்லித் தப்பிச்சீங்க?"