மெல்வின் வீட்டுக் குளியலறைக் கதவு

மெல்வின் குளிக்க இரண்டு பேர் வேண்டும். தூக்கிப் பிடிக்க நான், தண்ணீர் ஊற்ற அவன் மனைவி விஜிலா. பன்னிரண்டு வருடம் இப்படித்தான் நடந்தது.

அவன் சங்கு குளிக்கப் போனவன். முப்பத்து நாலு வயதில் ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் ரத்தத்தில் காற்றுக் குமிழ் அடைத்து இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. வீட்டிலேயே நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சி எனக்கு உண்டு என்பதால் பங்குச் சாமியார் என்னை அனுப்பினார். முதல் வாரமே மெல்வின் சொன்னான்: "ஆனியக்கா, ஒரு நாளாவது கதவைச் சாத்திட்டு நான் மட்டும் குளிக்கணும்." அதைத் தவிர அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

கை இரண்டும் நல்ல கை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே படகு எஞ்சினின் டீசல் பம்பைப் பிரித்து மாட்டப் பழகிக்கொண்டான். ஆனால் ஊருக்குள் மாடிப்படி இல்லாத வீடு கிடைக்காமல் சாயர்புரம் போகிற சாலையில், நாற்காலி நுழையாத குளியலறை உள்ள வீட்டில் வாடகைக்கு இருந்தான். அவ்வளவு தூரம் யார் பம்பைச் சுமந்துகொண்டு வருவார்கள்? விஜிலா இறால் கம்பெனி வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போனாள். நான் அவன் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன்.

இத்தனைக்கும் படகுகள் நிற்கும் திரேஸ்புரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பஞ்சுக் கிடங்கு இடிந்து, அந்த இடம் இருபது வருடமாகச் சும்மா கிடந்தது. உள்ளே உடை முள்மரமும் பன்றியும். எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் சங்கரபாண்டியன் அண்ணாச்சி காலி அட்டைப்பெட்டிகளை அங்கேதான் வீசுவார். வாசலில் தார்ச்சாலை, அதற்கடியில் தண்ணீர்க் குழாய், நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிறுத்தம். வீடு மட்டும்தான் இல்லை. உப்பளத்துக்கு அப்பால் போய் வீடு கட்டினால் இவை எல்லாவற்றையும் அதன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

அந்தக் கிடங்கு இடத்தில் அரசு நாற்பத்தெட்டு வீடு கட்டப் போகிறது என்று தெரிந்ததும் அண்ணாச்சி ஒரு மனு எழுதினார்: கூட்டம் சேரும், குழாயில் தண்ணீர் வராது. மெல்வினும் ஒரு மனு எழுதினான். மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்கிய நாலு தரைத்தள வீடுகளில் ஒன்று அவனுக்குக் கிடைத்தது.

பூச்சு வேலை நடக்கும்போதே மூன்று பேருமாகப் பார்க்கப் போனோம். வாசலில் சரிவுப் பாதை, குளியலறைக்குள் உட்காரத் திண்டு, பிடித்துக்கொள்ளக் கம்பி எல்லாம் சரியாக இருந்தது. குளியலறைக் கதவுதான் சரியில்லை. டேப்பை வைத்து அளந்தேன். கதவு இருபத்து நாலு அங்குலம். அவன் நாற்காலி இருபத்தைந்தரை.

கட்டட எஞ்சினியர் பானுப்ரியா சின்னப் பெண். "பிளான்ல இருக்கிற சைஸ்தாம்மா. மாத்தணும்னா மேல இருந்து லெட்டர் வரணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டாள்.

மெல்வின் என் டேப்பை நம்பவில்லை. "கடலுக்குள்ள பாறை இடுக்குல நுழைஞ்சு சங்கு எடுத்தவன் நான். இதுல நுழையமாட்டேனா?" என்று சக்கரத்தை ஓங்கித் தள்ளினான். கால்மிதி உள்ளே போயிற்று. முன்சக்கரம் போயிற்று. பெரிய சக்கரம் இரண்டும் கதவு நிலையில் இறுகிக்கொண்டன. முன்னேயும் வரவில்லை, பின்னேயும் வரவில்லை.

விஜிலா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருல எல்லாரும் புது வீட்டுக்குப் பால் காய்ச்சித்தான் குடி வருவாங்க. நீங்க இப்பவே வந்துட்டீங்க!"

சத்தம் கேட்டு அண்ணாச்சி கடையிலிருந்து தேங்காயெண்ணெய் பாட்டிலோடு ஓடி வந்தார். "நகருங்க, ரெண்டு பக்கமும் தடவி இழுத்துருவோம்."

மெல்வின் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். "எண்ணெய் வேண்டாம் அண்ணாச்சி. அந்தப் பிள்ளை வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் நான் இங்கனயேதான் இருப்பேன்."

பானுப்ரியா வந்து பார்த்தாள். "அண்ணே, முதல்ல வெளிய வாங்க."

"வெளிய வந்தா லெட்டர் வராதேம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே படம் பிடித்து மேலதிகாரிக்கு அனுப்பி, போனிலும் பேசினாள். நான் பக்கத்தில் நின்று, கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்பதையும் சொல்லச் சொன்னேன். உள்பக்கம் திறக்கிற கதவென்றால், உள்ளே விழுந்த ஆளே அதை அடைத்துக்கொள்வான். யாரும் திறக்க முடியாது. நாலு தரைத்தள வீட்டுக்கும் கதவை மாற்றலாம் என்று பதில் வந்த பிறகுதான் மெல்வின் சட்டைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். நாங்கள் அவனைத் தூக்கிக் கீழே உட்கார்த்தினோம். ஒரு பக்கச் சக்கரத்தைக் கழற்றினான். நாற்காலி தானாக வந்தது.

"ஏலே, ஸ்பேனரு பையிலயா இருந்துச்சு?" என்றார் அண்ணாச்சி, எண்ணெய் பாட்டிலை மூடிக்கொண்டே.

"நீங்க கேக்கலையே அண்ணாச்சி."

சுவரை இடித்து முப்பத்து மூன்று அங்குலக் கதவு வைத்தார்கள். தை மாதம் குடி வந்தார்கள். இப்போது மெல்வின் வீட்டு வாசல் மேஜையில் எப்போதும் நாலைந்து பம்பு காத்திருக்கிறது. விஜிலா வேலைக்கு நடந்தே போகிறாள். காலையில் அண்ணாச்சி கடையில் நிற்க இடமில்லை. குழாயில் தண்ணீரும் வருகிறது.

குடி வந்த மறுநாள் வழக்கம்போல் துண்டும் கையுமாகப் போனேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம்.

"நான் குளிக்குதேன் அக்கா. உக்காருங்க."

உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. விஜிலா கதவைத் தட்டினாள். "ஏங்க, உள்ள சங்கா எடுக்கீங்க? எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

"ஏளா, தட்டாத. பன்னெண்டு வருசத்து அழுக்கு, மெதுவாத்தான் போவும்."

எனக்கு இனி அங்கே வேலை இல்லை. துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த நோயாளியின் வீட்டுக்குக் கிளம்பினேன்.